பாசியும் பளிங்குத் தொட்டியும்

புதுவை நகரில் நடுத்தரக் குடும்பத்தார் இல்லங்கள் பலவற்றில் இன்று மீன்தொட்டி ஒன்று இடம்பெற்றிருக்கக் காண்கிறோம். பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி வாங்கப்படும் அத்தொட்டி முதல் மாதத்தில் கண்ணுக்கு விருந்தாகிறது. இரண்டாம் மாதத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய வழுக்கல் படிகிறது. மூன்றாம் மாதத்தில் தங்கமீனின் நிறமே தெரியாதவாறு நீர் பச்சைக் கரைசலாகிறது. வீட்டார் மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புகின்றனர். இரண்டே வாரங்களில் பாசி மீண்டும் தோன்றுகிறது. இவ்வாறு நான்கைந்து முறை போராடி அலுத்தபின் தொட்டி மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்கிறது. மீன்கள் என்னவாயின என்று எவரும் கேட்பதில்லை.

தமிழ்த்துறை மலரில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். அறிவியற் செய்திகள் யாவற்றையும் தமிழில் எழுதிக்காட்ட இயலும் என்பதை வாழ்நாட் பணியாக மேற்கொண்டு, யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகவும் கலைச்சொல் அகராதிகளின் தொகுப்பாசிரியராகவும் விளங்கியவர் மணவை முஸ்தபா (1935–2017). அவரைப் போற்றிக் கூட்டம் நடத்தும் நாம், அடுத்த வீட்டுக் கூடத்திலுள்ள சிக்கல் ஒன்றைத் தமிழில் விளக்கத் தயங்குவது முறையன்று. மேலும், பாசியைப் பற்றித் தமிழ் அறிந்துவைத்திருப்பது சிறிதன்று.

சொல் தரும் பொருள்

பசுமை, பச்சை, பசலை, பாசி ஆகிய சொற்கள் ஒரே வேரடியில் பிறந்தவை. பிரிவாற்றாத தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாட்டைப் பசலை என்றனர் நம் முன்னோர். நீர்நிலையில் படர்வதைப் பாசி என்றனர். இவ்விரண்டையும் ஓர் உவமையில் இணைத்தவர் பரணர். குறுந்தொகையின் 399ஆம் பாடலில், ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் திரண்ட பாசியைப் பசலைக்கு ஒப்பாக அவர் காட்டுகிறார். தலைவன் தொட்டால் நீங்குவதும் விட்டால் பரவுவதும் பசலையின் இயல்பு என்பது தலைவியின் கூற்று. இலக்கிய வகுப்பில் இவ்வுவமையின் நயத்தைப் பாராட்டிக் கடந்துவிடுகிறோம். அதன் பின்னே நிற்கும் கூர்த்த நோக்கையும் பாராட்ட வேண்டும். குடத்தை அமிழ்த்தும்போது பாசி ஒதுங்குகிறது. குடம் வெளிவந்ததும் மூடிக்கொள்கிறது. கை விலக்கிய பாசி அழிந்த பாசியன்று என்பதை அப்புலவர் துறையில் நின்று கண்டிருக்கிறார். மீன்தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன நம் வீட்டார் அறிய வேண்டிய முதற்செய்தியும் இதுவே.

இன்னொன்றும் உண்டு. ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட இறையைப் 'பாசிப்பாட்டம்' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. தென்மாவட்டச் சிற்றூர்களில் கண்மாய் மீன் ஏலத்தைப் 'பாசி ஏலம்' என்று கூறும் வழக்கும் உள்ளது. பிடிபடுவது மீன், வரியின் பெயரோ பாசி! பாசி உள்ள நீரில்தான் மீன் கொழுக்கும் என்னும் உழவர்தம் அறிவு அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. ஆகவே பாசி மீனுக்குப் பகை என்னும் எண்ணத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது மிகுதியாகும்போதுதான் தொல்லை எழுகிறது. அம்மிகுதி எதனால் என்பதே கேள்வி.

பாசி என்பது யாது?

வேர், தண்டு, இலை, பூ என்னும் உறுப்புகள் இல்லாதிருந்தும் ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் எளிய உயிரினமே பாசி. ஒற்றை உயிரணுவாக நீரில் மிதப்பனவும் உண்டு. பல அடி நீளம் வளரும் கடற்பாசிகளும் உண்டு. நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, உறையவைத்து, துண்டுபோட்டு நோன்பு திறக்கும் வேளையில் நாம் உண்ணும் 'கடற்பாசி' செம்பாசி இனத்திலிருந்து எடுக்கப்படுவதுதான். மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இவ்வினத்தனவே. தொட்டியில் செடியின் இலை விளிம்பைக் கருந்தாடிபோல் பற்றிக்கொண்டு வீட்டாரைச் சலிப்படையச் செய்யும் பாசியும் அதே செம்பாசிக் குலத்தைச் சேர்ந்தது என்றால் நோன்பாளிகள் சிலர் முகம் சுளிக்கக்கூடும்!

பாசியியல் என்னும் துறை இந்தியாவில் வேரூன்றியது நம் பக்கத்திலேயே என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. சென்னையில் பணியாற்றிய பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். ஈரமண்ணில் வளரும் பாசி ஒன்றைக் கண்டறிந்து, 1932இல் ஆங்கிலேய அறிஞர் ஃபிரிட்ச் என்பாரின் பெயரால் அதற்கு ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டவர் அவர். 1940இல் எஸ்.வி. கணபதி என்னும் ஆய்வாளர், கோயிற்குளம் ஒன்றில் நீங்காது நிலைபெற்றுவிட்ட நீலப்பச்சைப் பாசியைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார். தேங்கிய நீரும் தென்னாட்டு வெயிலும் கூடினால் என்ன நேரும் என்பதை அக்குளமே எடுத்துக்காட்டிற்று எனலாம். நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டி அக்குளத்தின் சிறுவடிவமே.

பிரெஞ்சுப் பெண்மணியும் இலண்டன் வேதியியலாரும்

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வைத்துப் பேணும் முறையைத் தொடங்கியவர்களுள் முன்னோடி ழான் வில்ப்ரூ பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. தையற்கலையால் வாழ்ந்த அவர், மணமுடித்துச் சிசிலித் தீவில் குடியேறியபின், கடல்வாழ் உயிர் ஒன்று தன் ஓட்டைத் தானே ஆக்கிக்கொள்கிறதா, பிறிதொன்றிடமிருந்து கவர்ந்துகொள்கிறதா என்றறிய 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில் வாழும் நாம் அவர் பெயரை அறியாதிருப்பது வியப்பே.

பாசியைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் இலண்டன் வேதியியலார். 1849இல் அவர் 12 காலன் கொள்ளும் கலத்தில் சிறு தங்கமீன்கள் இரண்டையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். மீன் விடும் மூச்சைச் செடி ஏற்கும், செடி வெளியிடும் உயிர்வளியை மீன் ஏற்கும், ஆகவே நீரை மாற்றவே வேண்டா என்பது அவர் கருத்து. ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பச்சை வழுக்கல் படர்ந்தது. அவர் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகிய இலையையும் வழுக்கலையும் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின, நீர் தெளிந்தது. 1850இல் இலண்டன் வேதியியல் கழகத்தின் வாயிலாக இதனை வெளியிட்டார். பாசி தோன்றியதும் 'எதனை அகற்றுவது' என்று கேளாமல் 'எது மிகுந்துவிட்டது' என்று கேட்டதே அவர்தம் சிறப்பு. அழுகிய இலையே மிகுந்தது. அதனைத் தின்ன ஓர் உயிரைச் சேர்த்தார்.

புதுவையின் வெயில்

இலண்டனில் பனிக்காலப் பகல் 8 மணி நேரத்திற்கும் குறைவு. ஆகையால் மீன்தொட்டியைச் சாளரத்தருகே வைக்குமாறு ஐரோப்பியரின் பழைய நூல்கள் அறிவுறுத்தின. புதுவையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ 11½ மணி நேரம். மிக நீண்ட பகல் 13 மணி நேரத்திற்குச் சற்றே குறைவு. நிழலும் கூச வைக்கும் வெளிச்சம் இவ்வூருக்கு உரியது. முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுமுற்றம் உண்டு. 'இயற்கை வெளிச்சம் மீனுக்கு நல்லது' என்று முற்றத்தின் ஓரத்தில் தொட்டியை வைப்போர் பலர். நண்பகலில் ஒரு மணி நேரம் சாய்வாக விழும் நேர்வெயிலே பாசிக்குப் போதுமானது. புதிய அடுக்குமாடி வீடுகளில் முற்றம் இல்லை. ஆயினும் விளக்கு உண்டு. மாலை விருந்தினர் வரும்போது போட்ட தொட்டி விளக்கு, வீட்டார் உறங்கும்வரை எரிகிறது. சில வீடுகளில் விடியும்வரையும் எரிகிறது. பகல் வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் தொட்டிக்கு நாளொன்றுக்குப் 16, 18 மணி நேர ஒளி கிடைத்துவிடுகிறது. மீனுக்கு அவ்வளவு ஒளி தேவையே இல்லை.

ஒளி பாசியின் ஒரு கை. மறு கை நீரில் கரைந்துள்ள உரம். மீனின் கழிவும் தின்னாது விட்ட தீனியும் அழுகும்போது அம்மோனியா பிறக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் அடித்தளக் கூழாங்கற்களிலும் குடியேறும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் மீனை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. ஆனால் வயலுக்கு இடும் உரம் எதுவோ அதுவே அது. தீனியிலுள்ள பாஸ்பேட்டும் அதனுடன் சேர்கிறது. உரமிட்ட நீர், நாளெல்லாம் ஒளி, 30 பாகை வெப்பம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் பயிர் விளையாதிருக்குமா? நாற்று நடாமலே விளைகிறது. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பது வீண்வேலை. செடியுடன் வரும், மீன் வாங்கிய பையின் நீருடன் வரும், காற்றில் வரும் தூசியோடும் வரும். அதனைத் தடுக்க இயலாது.

தீனியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புதுவைக் குடும்பங்கள் பலவற்றிற்குப் பிரான்சில் உறவினர் உண்டு. விடுமுறைக்கு வருவோர் பிள்ளைகளுக்கு இனிப்புப் பெட்டியுடன் மீன்தீனி டப்பாவும் கொண்டுவருகின்றனர். நாளைக்கு இரண்டு மூன்று முறை இடுக என்று டப்பாவில் பிரெஞ்சு மொழியில் அச்சிட்டிருக்கும். தீனி விற்பவர் குறைவாக இடுக என்று அச்சிடுவாரா? தாத்தா காலையில் ஒரு சிட்டிகை, பள்ளி சென்று திரும்பிய பேரன் ஒரு சிட்டிகை, இரவில் வீடு திரும்பிய தந்தை ஒரு சிட்டிகை என ஒவ்வொருவரும் தாம் மட்டுமே இடுவதாக எண்ணி அன்போடு இடுகின்றனர். அவ்வன்பின் பெரும்பகுதி அடித்தளத்தில் அழுகிப் பாசியாகிறது.

தொட்டியை முற்றாகக் கழுவியபின்னும் பாசி விரைந்து திரும்புவதன் காரணம் இப்போது விளங்கும். கழுவுவதால் ஒளியும் தீனியும் குறைந்தபாடில்லை. மாறாக, பஞ்சிலும் கல்லிலும் குடியிருந்த நுண்ணுயிர்கள் குழாய்நீரின் குளோரினால் மடிகின்றன. அவை மீண்டும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அம்மோனியா நேராகவே நீரில் தங்குகிறது; பாசிக்கு அது பிடித்தமான உணவு. துப்புரவின் பெயரால் நாம் செய்வது பாசிக்கு இடம் ஒழித்துத் தருவதே.

எந்தப் பாசி?

பாசியின் வகையறிந்தால் காரணமும் ஓரளவு தெரியவரும். புதுத்தொட்டியில் முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள்போல் படிவது டயாட்டம் என்னும் வகை. விரலால் துடைத்தாலே போய்விடும். தொட்டி முதிர முதிரத் தானே மறையும். அதற்கு அஞ்ச வேண்டா. நீர் முழுவதும் பச்சையாவது மிதக்கும் ஒற்றையணுப் பாசியால். பெரும்பாலும் நேர்வெயிலின் விளைவு. மீன்குஞ்சு வளர்ப்போர் இப்பசுநீரை வேண்டுமென்றே உண்டாக்கி, அதில் பெருகும் நுண்பூச்சிகளைக் குஞ்சுகளுக்கு இரையாக்குவதும் உண்டு. ஆகவே தொழிலருக்கு வரவாவது நமக்குச் செலவாகிறது. நூல்நூலாக நீள்வது இழைப்பாசி. குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். முன்சொன்ன கருந்தாடிப் பாசி தேய்த்தாலும் போகாது; அது பற்றிய இலைகளைக் கிள்ளி எறிவதே வழி.

தனித்துச் சொல்ல வேண்டியது நீலப்பச்சைப் பாசி. மணலின்மேல் வழவழப்பான போர்வைபோல் விரிந்து, தூக்கினால் தோல்போல் உரிந்துவரும். தேங்கிய சேற்றின் வாடை வீசும். பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா இனம். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்புவியின் காற்றில் உயிர்வளியை நிறைக்கத் தொடங்கியவை இவ்வினத்து முன்னோர்களே. அத்தகைய தொன்மையான உயிரிடம் வெறும் கண்ணாடி துடைக்கும் துணியோடு போருக்குச் செல்வது சற்று வேடிக்கைதான்.

விடியற்காலை மூச்சுத்திணறல்

பாசியால் தொட்டியின் அழகு கெடுகிறது என்பதே பலரின் கவலை. அதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறினால் அது விளங்கும். கோடைக்காலம். தொட்டி நீர் அடர்பச்சையாகியிருந்தது. அவர் கடையொன்றில் பாசிகொல்லி மருந்து வாங்கி, விரைந்து பயன்தர வேண்டும் என்று இருமடங்கு ஊற்றினார். இரவில் ஒலி உறக்கத்தைக் கெடுக்கிறதென்று காற்றுக்குழாய் இயந்திரத்தையும் நிறுத்தியிருந்தனர். பஜ்ருத் தொழுகைக்கு எழுந்த அவருடைய பாட்டியார், மீன்கள் அனைத்தும் மேல்மட்டத்தில் வாய்திறந்து நிற்பதைக் கண்டார். தொழுது முடித்து வந்து பார்க்கையில் பாதி மிதந்தன. வெயில் ஏறுமுன் எஞ்சியது இரண்டு. பிறகொரு நாள் நான் அவ்வில்லம் சென்றபோது அவ்வம்மையார் என்னிடம் கேட்டார்: “மூச்சுக்குத் தவிக்குதுன்னு தெரிஞ்சுது தம்பி. அந்த நேரத்துல நான் என்ன செஞ்சிருக்கணும்?”

நடந்தது இதுதான். பகலில் பாசி உயிர்வளியை வெளியிடும். இரவில் மீனைப் போலவே அதுவும் உயிர்வளியை உள்வாங்கும். அடர்ந்த பசுநீரில் நள்ளிரவு கடந்தபின் உயிர்வளி குறைந்துகொண்டே வந்து, விடியலுக்குச் சற்றுமுன் மிகத் தாழ்ந்த நிலையை எட்டும். வெந்நீர் உயிர்வளியைக் குறைவாகவே கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்க. 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைத்துக்கொள்ளும். 30 பாகையில் 7½ மில்லிகிராமே. இந்நிலையில் மருந்தால் பாசி முழுவதும் ஒரே நேரத்தில் மடிந்தால், அப்பிணங்களை அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சிய உயிர்வளியையும் தீர்த்துவிடும். இவ்வகை மருந்துகளுள் பல செப்புச் சேர்மங்களைக் கொண்டவை. மயில்துத்தத்தையே கரைத்து ஊற்றுவோரும் உளர். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் கொடுநஞ்சு. அளவு மிகின் மீனுக்கும் அவ்வாறே. பாசியைக் கொல்லும் அளவிற்கும் மீனைக் கொல்லும் அளவிற்கும் இடைவெளி மிகக் குறுகியது. வீட்டில் அதனை அளந்து ஊற்றத்தக்க கருவி யாரிடமும் இல்லை. சலவைத்தூள் பற்றிச் சொல்லவே வேண்டா.

அம்மையாரின் வினாவிற்கு விடை எளிது. காற்றுக்குழாயை உடனே இயக்குதல். அது இல்லையேல் குவளையால் தொட்டிநீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் அதிலேயே ஊற்றுதல். மூன்றில் ஒரு பங்கு நீரை வெளியேற்றி, முந்தைய நாள் பிடித்துவைத்த நீரைச் சேர்த்தல். கால்மணி நேரத்தில் மீன்கள் கீழிறங்கத் தொடங்கும். கோடையில் மீன்தொட்டி உள்ள வீட்டில் ஒரு வாளி நீர் எப்போதும் திறந்த நிலையில் பிடித்துவைக்கப்பட்டிருத்தல் நன்று. ஒரு நாள் பொறுத்தால் குளோரினும் வெளியேறிவிடும். பூனையைக் கட்டிவைத்து உணவளியாதிருந்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கண்ணாடிக்குள் அடைபட்ட மீனும் தன் இரையையும் காற்றையும் தானே தேடிக்கொள்ள இயலாத உயிரே.

மூத்தோர் கேட்கும் வினா

பாசி பிடித்த நீர் தூய்மையற்றதா என்று சமுதாயப் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. பள்ளிவாசல்களில் ஹவுளு எனப்படும் ஒளூத் தடாகத்தில் மீன் விட்டு வைப்பது நம் பகுதியில் பழைய வழக்கம். அவை கொசுப்புழுவைத் தின்னும். ஓரளவு பாசியையும் மேயும். கோடையில் அந்நீர் பச்சையோடும்போது, நிறம் மாறிய நீரில் ஒளூச் செய்யலாமா என்னும் ஐயம் எழுகிறது. ஃபிக்ஹு நூலார் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். காரைக்கால், நாகூர்ப் பகுதிகளில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மை நூல்களுள் ஒன்றாகிய 'மின்ஹாஜுத் தாலிபீன்' இயற்றிய இமாம் நவவி (மறைவு கி.பி. 1277), நெடுநாள் தேங்கியமையாலும், மண்ணாலும், பாசியாலும் நீர் மாறுபட்டால் அதன் தூய்மைப்படுத்தும் தன்மை கெடாது என்று வகுத்துள்ளார். பாசிக்கு அரபியில் துஹ்லுப் என்று பெயர். நீரைவிட்டு விலக்க இயலாத ஒன்றென அதனைக் கொண்டமையே இத்தீர்ப்பின் அடிப்படை. டமாஸ்கஸ் நகரத்து அறிஞரும் தமிழகத்துப் பரணரும் பாசியின் இயல்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றையே அறிந்திருந்தனர் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஒளூவுக்குத் தகுதி என்பது வேறு, மீனுக்கு நலம் என்பது வேறு. தடாகத்தில் தென்னங்கீற்று நிழல் அமைப்பதும், மீனுக்குப் பொரியும் ரொட்டியும் கொட்டுவதைத் தடுப்பதும் நிர்வாகத்தார் செய்யத்தக்கன.

செய்முறை

வீட்டுத் தொட்டிக்குத் திரும்புவோம். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். அதனை முதலில் வெயில் படாத சுவரோரத்திற்கு மாற்ற வேண்டும். விளக்கு நாளைக்கு 6 மணி நேரம் போதும்; பாசி அடங்கியபின் 8 மணி வரை கூட்டலாம். தானே அணையும் மின்கடிகாரச் செருகி கடைகளில் கிடைக்கிறது. அதனை வாங்கிப் பொருத்திவிட்டால் வீட்டாரின் மறதி பாசிக்கு உதவாது. தீனி நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு. இடுபவர் ஒருவராகவே இருக்கட்டும்.

வாரம் ஒரு முறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும், அதுவும் அடித்தளக் கசடோடு சேர்த்து, நெகிழிக் குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். மேல்நீரை மொண்டு ஊற்றுவதால் பயனில்லை. உரம் கீழேதான் கிடக்கிறது. வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு எடுத்த தொட்டிநீரிலேயே பிழிய வேண்டும். குழாயடியில் பிழிந்தால் நுண்ணுயிர்கள் மடியும். வெளியேற்றிய நீரை முற்றத்து மருதாணிக்கோ மல்லிகைக்கோ ஊற்றலாம். பாசியை வளர்த்த உரம் அங்கே இலையாகவும் பூவாகவும் வரும்.

இவற்றினும் வலிய துணை நீர்ச்செடி. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போல விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக நட்டால், பாசிக்குப் போகும் உரத்தை அவை முந்திக்கொண்டு உண்ணும். வாரிங்டன் கண்டதுபோல் அழுகும் இலையை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். பிளாஸ்டிக் செடி எதனையும் உண்பதில்லை. பாசி ஏறுவதற்குப் படிக்கட்டாக மட்டுமே பயன்படும்.

பசுநீரும் நீலப்பச்சைப் பாசியும் மிஞ்சிப்போனால் இருட்டே மருந்து. கையால் எடுக்கத்தக்கதை எடுத்து, நீரில் ஒரு பங்கை மாற்றி, தொட்டியைக் கறுப்புப் போர்வையால் ஒளி புகாதவாறு மூடி, மூன்று அல்லது நான்கு நாள் விட்டுவிட வேண்டும். அந்நாள்களில் தீனி இடலாகாது. காற்றுக்குழாய் இரவும் பகலும் இயங்க வேண்டும். போர்வையை நீக்கியவுடன் மடிந்த பாசியை உறிஞ்சி வெளியேற்றி மீண்டும் நீரை மாற்ற வேண்டும். நிலைத்த செடிகள் இச்சிறு இருளைத் தாங்கும். ஆனால் அதன்பின் பழைய விளக்கு, பழைய தீனி என்று திரும்பினால் பாசியும் திரும்பும்.

பாசி தின்னும் மீன் என்று சொல்லி 'டேங்க் கிளீனர்' எனப்படும் சக்கர் மீனை விற்போர் மிகுதி. கடையில் விரலளவு இருக்கும் அது, ஓரடிக்கு மேலும் வளரும் தென்னமெரிக்க இனம். சிறுவயதில் கண்ணாடியைச் சிறிது மேயும். பின்னர் தீனியையே நாடும். அதன் கழிவால் பாசி கூடுமேயன்றிக் குறையாது. தொட்டி தாங்காதபோது வீட்டார் இரக்கப்பட்டு அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடப்பட்டவை தமிழகத்தின் நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பறித்து, உள்நாட்டு மீனவரின் பிழைப்பைக் கெடுத்து வருகின்றன. 2008இல் புதுவை அரசு பறவைகள் காப்பகமாக அறிவித்த ஊசுடு ஏரி நம் ஊரின் பெருஞ்செல்வம். அதில் ஒரு சக்கர் மீனையும் விடுதல் இரக்கமாகாது. வளர்க்க இயலாதவர் விற்ற கடைக்காரரிடமே திருப்பித் தருவது நன்று. சிறு நத்தைகள் சிலவே நம் தொட்டிக்குப் போதும்.

பெருநாள் விடுமுறைக்கோ உம்ராப் பயணத்திற்கோ வீட்டைப் பூட்டிச் செல்வோர், மீனுக்குத் தீனியிடுமாறு அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவை ஒப்படைத்துப் போவது வழக்கம். நலமாக உள்ள வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தீனியின்றித் தாங்கும். அதற்கு மேற்படின், நாளுக்கொரு சிட்டிகையாகத் தாளில் மடித்துப் பொட்டலங்களாக வைத்துவிட்டு, டப்பாவைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்துச் செல்க. விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, காற்றுக்குழாயை மட்டும் இயங்க விடுக. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது கண்ணாடி, புறப்பட்ட நாளைவிடச் சற்றுத் தெளிவாகவே இருக்கும்.